உண்ணுதல் கோளாறுகளுக்கான உறைவிடச் சிகிச்சையில் தனிமைப்படுத்தலும் குழுமுறையும்: ஒரு வரலாற்று நோக்கு (1873–2016)

ஆய்வுச் சுருக்கம்

உண்ணுதல் கோளாறுகளுக்கு ஆளானவர்களைக் குடும்பத்திடமிருந்தும் பிற நோயாளர்களிடமிருந்தும் பிரித்துத் தனிமையில் வைப்பதே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதன்மையான சிகிச்சையாகக் கருதப்பட்டது. ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின்னர், இதே நோயாளர்களை ஒரே கூரையின்கீழ்த் தங்கவைத்து, ஒன்றாக உண்ணவும் ஒன்றாகப் பேசவும் செய்யும் உறைவிடச் சிகிச்சை முறை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிலைபெற்றது. முற்றிலும் எதிரான இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. குழுமுறை தனிமைப்படுத்தலை முழுமையாக நீக்கிவிடவில்லை. அதன் கூறுகள் சிலவற்றைத் தன் விதிகளுக்குள் ஏற்றுக்கொண்டது என்பதும், தொடக்கத்தில் வெளியேற்றப்பட்ட குடும்பம் பிற்காலத்தில் ஒரு குழுவாகவே சிகிச்சைக்குள் திரும்பியது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: உண்ணுதல் கோளாறு, அனோரெக்சியா, புலிமியா, குழு உளச்சிகிச்சை, உறைவிடச் சிகிச்சை, தனிமைப்படுத்தல், பல்குடும்பச் சிகிச்சை

முன்னுரை

உணவை மறுத்து உடலை மெலியவைத்தல், கட்டுப்பாடின்றி மிகுதியாக உண்டபின் அதனை வலிந்து வெளியேற்றுதல், கட்டுப்பாடின்றி மிகுதியாக உண்ணுதல் ஆகிய நடத்தைகளை மையமாகக் கொண்ட உளநோய்கள் உண்ணுதல் கோளாறுகள் எனப்படுகின்றன. இவற்றுள் முதலாவது அனோரெக்சியா நெர்வோசா என்றும், இரண்டாவது புலிமியா நெர்வோசா என்றும், மூன்றாவது மிகையுணவுக் கோளாறு என்றும் வழங்கப்பெறுகின்றன. உளநோய்களுள் இறப்பு விகிதம் மிகுந்தவற்றில் ஒன்றாக அனோரெக்சியா மருத்துவ உலகில் எண்ணப்படுகிறது. எனவே, இந்நோயாளர்களை எங்கு வைத்து, யார் துணையுடன் குணப்படுத்துவது என்னும் வினா வெறும் நிருவாக வினா அன்று. உயிர் காத்தல் தொடர்பான வினாவாகும்.

இவ்வினாவிற்கு மருத்துவர்கள் அளித்த விடைகள் காலந்தோறும் மாறிவந்துள்ளன. நோயாளியின் அருகில் யார் இருக்க வேண்டும், யார் இருக்கக்கூடாது என்னும் கோணத்திலிருந்து அவ்விடைகளைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். பிரித்தானியா, பிரான்சு, அமெரிக்கா ஆகிய நாடுகளின் வரலாறே இங்கு முதன்மையாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. உறைவிடச் சிகிச்சை என்னும் சொல், நோயாளர் பல வாரங்கள் தங்கிச் சிகிச்சை பெறும் சிறப்பு மையத்தைக் குறிக்கிறது. மருத்துவமனையின் உள்நோயாளர் பிரிவு அதன் முன்னோடி என்ற அளவில் ஆராயப்படுகிறது.

1. தனிமைப்படுத்தல் என்னும் தொடக்கக் கோட்பாடு

அனோரெக்சியா தனியொரு நோயாக மருத்துவ ஏடுகளில் இடம்பெற்றது 1873ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டு பாரிசில் சார்ல் லசேக் இந்நோயைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் இலண்டன் மருத்துவக் கழகக் கூட்டமொன்றில் வில்லியம் கல் தம் கட்டுரையை வாசித்தார். இன்று வழங்கும் நோய்ப்பெயர் 1874இல் அச்சேறிய அக்கட்டுரையின்வழி நிலைபெற்றது.

இருவருடைய பார்வையும் நோயாளியோடு நின்றுவிடவில்லை. மகளை உண்ணச் சொல்லிக் கெஞ்சுவதும், பின்னர் மிரட்டுவதும், இரண்டும் பயனற்றுப்போக வீடு முழுவதும் அவள் உணவைப் பற்றியே பேசுவதுமாகிய குடும்பச் சூழலை லசேக் விரிவாக விளக்கினார். நோயாளிக்குக் குறித்த இடைவெளிகளில் உணவளிக்க வேண்டும் என்றும், அவர்மீது ஒழுக்கநிலையில் செல்வாக்குச் செலுத்தவல்லவர்களே உடனிருக்க வேண்டும் என்றும் வில்லியம் கல் வலியுறுத்தினார். உறவினரும் நண்பரும் இப்பணிக்குச் சற்றும் பொருந்தாதவர்கள் என்பது அவர் கருத்து. எனவே இந்நோய் பெயர் பெற்ற காலத்திலேயே குடும்பத்தை விலக்குதல் என்னும் கருத்தும் உடன்பிறந்தது எனலாம்.

இக்கருத்தை ஓர் உறுதியான சிகிச்சைமுறையாக்கியவர் பாரிசின் சால்பெட்ரியேர் மருத்துவமனையைச் சேர்ந்த ழான் மார்ட்டின் ஷார்கோ ஆவார். 1880களில் ஆற்றிய விரிவுரை ஒன்றில், அங்குலேம் நகரிலிருந்து கொண்டுவரப்பட்ட 13, 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் நிலையை அவர் எடுத்துரைத்தார். பெற்றோர் பாரிசை விட்டு நீங்கும்வரை அச்சிறுமியின் நிலை தேறவில்லை. அவர்கள் சென்றபின் அவள் உண்ணத் தொடங்கினாள். பெற்றோர் அருகில் இருந்தவரையில் தன் நோய் கடுமையானதென்று தான் நம்பவில்லை என்று அச்சிறுமி பின்னர்க் கூறியதாக ஷார்கோ பதிவுசெய்தார். தனிமைப்படுத்தலின் வெற்றிக்கு இந்நிகழ்வே நெடுங்காலம் சான்றாகக் காட்டப்பட்டது. அமெரிக்காவில் சைலஸ் வியர் மிட்செல் வகுத்த ஓய்வுச் சிகிச்சையும் இதே அடிப்படையில் அமைந்தது. பல வாரப் படுக்கை ஓய்வு, பால் உணவு, உடல் பிடித்துவிடுதல், உறவினர் வருகைக்குத் தடை ஆகியன அதன் உறுப்புகளாகும்.

சால்பெட்ரியேரில் ஷார்கோவிற்குப் பின்வந்த ழூல் டெஜெரின் இம்முறையைப் பொதுக்கூடத்திலேயே செயற்படுத்தினார். அவருடைய மாணவர்களான காமு, பாஞ்யே ஆகிய இருவரும் 1904இல் வெளியிட்ட நூலில் இதன் விளக்கத்தைக் காணலாம். பல கட்டில்கள் கொண்ட கூடத்தில் ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் திரை இடப்பட்டது. நோயாளர் மடல் எழுதவோ பெறவோ இயலாது, பார்வையாளர் இல்லை, அடுத்த கட்டிலில் இருப்பவருடன் பேச்சும் இல்லை. மருத்துவரின் குரல் ஒன்றே நோயாளியை அடையும் மனிதக் குரலாக இருந்தது. ஒரே வகை நோயாளர் பலர் ஒரே கூடத்தில் இருந்தும் அவர்களுக்கிடையேயான தொடர்பு சிகிச்சைக்கு உதவக்கூடும் என்னும் எண்ணம் இங்கு எழவில்லை. மாறாக, அத்தொடர்பு தடுக்கப்படவேண்டிய ஒன்றாகவே கருதப்பட்டது.

2. குழுமுறையின் தோற்றுவாய்

குழுவைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தும் முறை உளநோய் மருத்துவத்தில் தோன்றியதன்று. 1905இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்னும் மருத்துவர், காசநோயால் வாடிய ஏழை மக்களுக்காக வாராந்தர வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். மலைவாழிடங்களில் உள்ள காசநோய் நிலையங்களில் தங்குவதற்குப் பணமில்லாதவர்களே அவ்வகுப்பின் உறுப்பினர்கள். ஒவ்வொருவரும் ஓய்வு, உணவு, உடல்வெப்பம் ஆகியவற்றை நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதிவந்தனர். வகுப்பிற்கு வரும்போது அவர்களின் எடை பார்க்கப்பட்டது. எடை கூடிய உறுப்பினர் ஏனையோருக்கு ஊக்கமாக விளங்கினார். நோய் ஒன்றாக இருப்பதே அவர்களைப் பிணைக்கும் உறவாகிறது என்பதைப் பிராட் உணர்ந்து எழுதினார்.

குழு உளச்சிகிச்சையின் முன்னோடியாகப் போற்றப்படும் இவ்வகுப்பு, உணவுக் குறிப்பேட்டையும் எடை பார்த்தலையும் கொண்டிருந்தது கருதத்தக்கது. காசநோயாளிக்கு எடை கூடுதல் மகிழ்ச்சி தரும் செய்தி. அனோரெக்சியா நோயாளிக்கோ அதுவே பேரச்சம் தருவது. ஒரே கருவி இருவேறு நோய்களில் எதிரெதிரான விளைவைத் தரும் என்பதால், பிராட்டின் முறையை உண்ணுதல் கோளாறுகளுக்கு அப்படியே எடுத்தாள இயலாது. பிற்காலத்து உறைவிட மையங்கள் எதிர்கொண்ட அடிப்படைச் சிக்கலை இவ்வேறுபாடு முன்னரே காட்டிவிடுகிறது.

குழுமுறையின் அடுத்த வளர்ச்சி போர்க்காலத்தில் நிகழ்ந்தது. இரண்டாம் உலகப்போரின்போது இங்கிலாந்தின் பர்மிங்காம் அருகேயுள்ள நார்த்ஃபீல்டு இராணுவ மருத்துவமனையில் உளச்சோர்வுற்ற படைவீரர்களுக்குச் சிகிச்சையளிக்கப்பட்டது. வில்ஃபிரட் பயான், ஜான் ரிக்மேன் ஆகியோர் அங்குச் சில வாரங்களே நடத்திய முயற்சியைப் பற்றிய கட்டுரை 1943இல் வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து எஸ்.எச். ஃபோக்ஸ், டாம் மெயின் முதலியோர் அப்பணியை விரிவுபடுத்தினர். மருத்துவமனையின் அன்றாட வாழ்க்கை முழுவதுமே, அதாவது உணவு, வேலை, பூசல், முடிவெடுத்தல் அனைத்துமே, சிகிச்சைக்குரியவை என்பது அவர்கள் கண்ட உண்மை. 1946இல் மெயின் இதற்குச் 'சிகிச்சைச் சமூகம்' எனப் பெயரிட்டார். 1970இல் இர்வின் யாலோம் வெளியிட்ட குழு உளச்சிகிச்சை நூல், குழுவில் குணமளிக்கும் காரணிகளை வகைப்படுத்தியது. தம் துன்பம் தமக்கு மட்டுமே உரியதன்று என உணர்தல், பிறரிடம் நம்பிக்கை பெறுதல், பிறருக்கு உதவுவதால் தம் மதிப்பை அறிதல் முதலியன அவற்றுள் அடங்கும்.

3. குழுவிற்கு வெளியே நின்ற நோய்

குழுமுறை இவ்வாறு வளர்ந்த காலத்தில் அனோரெக்சியா அதன் எல்லைக்கு வெளியே நின்றது. இதற்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, நோயின் இயல்பு பற்றிய குழப்பமாகும். 1914இல் மோரிஸ் சிம்மண்ட்ஸ் பிட்யூட்டரிச் சுரப்பி அழிவினால் ஏற்படும் உடல் மெலிவை விளக்கினார். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அனோரெக்சியாவும் சுரப்பிக் கோளாறாகக் கருதப்பட்டுச் சுரப்புநீர் மருந்துகளால் சிகிச்சையளிக்கப்பட்டது.

இரண்டாவது, பட்டினி மனத்தின்மீது ஏற்படுத்தும் விளைவாகும். 1944, 1945ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வு இதனைத் தெளிவுபடுத்தியது. போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 நலமுள்ள ஆண்கள் தாமாக முன்வந்து 24 வாரங்கள் அரைப்பட்டினி இருந்தனர். நாளடைவில் அவர்கள் சமையல் நூல்களைத் திரட்டினர், உணவைப் பற்றியே பேசினர், உணவை நெடுநேரம் துண்டாக்கி உண்டனர், நண்பர்களிடமிருந்து விலகினர். உளநோய் ஏதுமற்றவர்களிடம் பட்டினியே இம்மாற்றங்களை உண்டாக்கியதால், அனோரெக்சியா நோயாளியின் ஒதுங்கும் இயல்பும் ஓரளவு பட்டினியின் விளைவே என்பது புலனாயிற்று. உடல் ஓரளவேனும் ஊட்டம் பெறாத நிலையில் குழுவில் அமர்ந்து பிறர் பேச்சைக் கேட்டு உள்வாங்குதல் கடினம் என்னும் நடைமுறை அறிவிற்கும் இதுவே அடிப்படையாயிற்று.

மூன்றாவது, சிகிச்சையாளர்களின் கவனம் தனிமனிதரிடமோ குடும்பத்திடமோ குவிந்திருந்தமையாகும். 1973இல் வெளிவந்த தம் பெருநூலில் ஹில்டே ப்ரூக், தன் உடலும் உணர்வும் தனக்கு உரியவை அல்ல என்னும் ஆற்றாமையே நோயின் வேர் என்று காட்டினார். அதற்கு அவர் பரிந்துரைத்தது மருத்துவரும் நோயாளியும் மட்டும் பங்குபெறும் உரையாடலாகும். ஃபிலடெல்ஃபியாவில் சால்வடோர் மினூச்சின் குடும்பத்தையே சிகிச்சையறைக்குள் அழைத்து, அனைவரையும் உடன் அமர்ந்து உண்ணச்செய்தார்; 1978இல் வெளியான நூல் 53 நோயாளரின் குடும்பங்களைப் பற்றியது.

இதே காலத்தில் மருத்துவமனைகளில் நடத்தைச் சிகிச்சை பரவியது. நோயாளி எவ்வித வசதியுமற்ற அறையில் வைக்கப்பட்டார். வானொலி, புத்தகம், பார்வையாளர் ஆகியன எடை கூடும்போது மட்டும் பரிசாக வழங்கப்பட்டன. ஷார்கோவின் தனிமைப்படுத்தல் புதிய கோட்பாட்டுப் பெயருடன் மீண்டும் வந்தது என்றே இதனைக் கருத வேண்டும். மனிதத் தொடர்பு மருந்தாக அன்றி, உண்டதற்கான கூலியாக அளக்கப்பட்டது. விரைவாக எடை கூட்டும் இம்முறை நோயாளியின் ஆற்றாமையை மேலும் ஆழமாக்கும் என 1974இல் ப்ரூக் எச்சரித்தார்.

4. மருத்துவமனைக்கு வெளியே உருவான குழுக்கள்

உண்ணுதல் கோளாறுகளுக்கான குழுக்கள் முதலில் மருத்துவமனைகளில் தோன்றவில்லை. மிகையாக உண்பவர்களுக்கான தன்னுதவிக் குழு ஒன்று, மதுப்பழக்கத்தினரின் தன்னுதவிக் குழுவை முன்மாதிரியாகக் கொண்டு 1960இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் தொடங்கப்பட்டது. 1970களில் பெண்ணிய இயக்கம் இதற்குப் புதிய உள்ளடக்கத்தை அளித்தது. பெண்கள் சிறு வட்டங்களாகக் கூடித் தம் வாழ்க்கையைப் பேசி, தனிப்பட்ட குறையாகத் தோன்றியது சமூகத்தின் அழுத்தமே என்று கண்டறியும் முறை அக்காலத்தில் பரவியிருந்தது.

இலண்டனில் 1976இல் சூசி ஆர்பக், லூயிஸ் ஐகன்பாம் ஆகியோர் பெண்கள் சிகிச்சை மையத்தைத் தொடங்கினர். 1978இல் வெளிவந்த ஆர்பக்கின் நூல், உடற்பருமனையும் கட்டுப்பாடற்ற உணவையும் பெண்களின் சமூக நிலையோடு இணைத்து விளக்கியது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மார்லின் பாஸ்கிண்ட் லோடால், மிகையாக உண்டு வெளியேற்றும் பழக்கமுடைய மாணவியருக்கான குழுக்களை நடத்தினார். அம்மாணவியருள் பலர் இப்பழக்கம் உலகில் தமக்கு மட்டுமே உள்ளது என்று நம்பியிருந்தனர். 1979இல் இலண்டனில் ஜெரால்டு ரஸ்ஸல் 30 நோயாளரை அடிப்படையாகக் கொண்டு இந்நோய்க்குப் புலிமியா நெர்வோசா எனப் பெயரிட்டார்.

புலிமியா மறைவில் நிகழ்வது, வெட்கத்தால் காக்கப்படுவது. உடல் எடை பெரும்பாலும் இயல்பாகவே இருப்பதால் உடன் வாழ்பவரும் அறியமாட்டார். எனவே, ஒருவர் தம் மறைவைப் பிறர் முன்னிலையில் சொல்வதே சிகிச்சையின் பெரும்பகுதியாகிறது. குழுமுறை புலிமியாவில் முதலில் வேரூன்றியதற்கு இதுவே காரணமாகும். அனோரெக்சியாவிலோ நோய் வெளிப்படையானது; நோயாளி அதனை வெட்கத்திற்குரியதாக அன்றிச் சாதனையாகக் கருதுபவர். அவரைப் போன்றோர் பலர் கூடும் வட்டத்தில் அச்சாதனை ஒப்பிடப்படும் வாய்ப்பும் உண்டு. 1981இல் ஜேனட் பொலிவி அனோரெக்சியாவிற்குக் குழுவைத் துணைச்சிகிச்சையாகவே முன்மொழிந்தமை இவ்வேறுபாட்டை உணர்த்துகிறது.

5. உறைவிட மையமும் குழுவின் அன்றாடமும்

மருத்துவமனைப் பிரிவு, பெண்கள் குழு என்னும் இவ்விரு மரபுகளும் ஒன்றிணைந்த இடம் உறைவிட மையமாகும். அமெரிக்காவில் உண்ணுதல் கோளாறுகளுக்கென்றே அமைந்த முதல் உறைவிட மையமாகக் கருதப்படும் ரென்ஃப்ரூ மையம் 1985இல் ஃபிலடெல்ஃபியாவில் பெண்களுக்காகத் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜெர்மனியின் பிரீன் நகரில் ரோஸனெக் மருத்துவமனை தொடங்கப்பட்டது. உடல்–உளநோய் மருத்துவமனைகள் என்னும் ஜெர்மானிய மரபில் வந்த அதிலும் குழுச்சிகிச்சை முதன்மை இடம் பெற்றது.

இத்தகைய மையங்களில் நாள் முழுவதும் குழுவாகவே கழிகிறது. காலையில் எடை பார்க்கப்படுகிறது. பல மையங்களில் நோயாளி தராசிற்கு முதுகைக் காட்டி நிற்பார், எண் அவருக்குச் சொல்லப்படுவதில்லை. மூன்று வேளை உணவும் இடையுணவுகளும் பணியாளர் உடனிருக்கப் பொது மேசையில் உண்ணப்படுகின்றன. உணவிற்குப்பின் குறித்த நேரம்வரை எவரும் தனியே கழிப்பறைக்குச் செல்ல இயலாது. அந்நேரத்திலேயே பெரும்பாலும் உணவுக்குப் பிந்தைய குழு கூடுகிறது. மேசையில் எழுந்த அச்சம், குற்றவுணர்வு, சினம் ஆகியன ஆறுவதற்குள் அவற்றைப் பேசுவது அதன் நோக்கம்.

ஏனைய குழுக்களைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம். ஊட்டச்சத்தும் பட்டினியின் விளைவும் கற்பிக்கும் அறிவூட்டல் குழு, உணவு, உடல் பற்றிய எண்ணங்களைச் சோதிக்கும் அறிதல்–நடத்தைக் குழு, மார்ஷா லினெகனின் 1993ஆம் ஆண்டு நூலைப் பின்பற்றி உணர்ச்சிகளைத் தாங்கும் பயிற்சியளிக்கும் திறன் குழு, உடற்படிமக் குழு, ஓவியம், இசை, அசைவு சார்ந்த குழு, உறுப்பினருக்கிடையேயான உறவையே பொருளாகக் கொள்ளும் உரையாடல் குழு, மையத்தின் விதிகளையும் குறைகளையும் பேசும் சமூகக் கூட்டம் என்பன அவை. இறுதியாகக் கூறப்பட்டது நார்த்ஃபீல்டு மரபின் நேரடித் தொடர்ச்சியாகும்.

இக்குழுக்களில் பெரும்பாலானவை திறந்த குழுக்கள். ஒருவர் வெளியேறும்போது மற்றொருவர் சேர்கிறார். எனவே, நேற்று வந்தவரும் நாளை வீடு திரும்புபவரும் ஒரே வட்டத்தில் அமர்கின்றனர். தட்டை முடிக்க முடியாமல் அழும் புதியவரிடம், சில வாரங்களுக்குமுன் தானும் அவ்வாறே அழுததாக ஒருவர் கூறும்போது, அச்சொல் மருத்துவரின் சொல்லினும் வலிமை பெறுகிறது. நோயாளியின் சாக்குகளை முன்னரே சொல்லிப் பார்த்தவர் என்பதால் அவரை ஏமாற்றுவதும் எளிதன்று. டெஜெரின் கூடத்தின் திரை தடுத்தது இக்குரலையே ஆகும்.

6. குழுவின் இடர்: போட்டியும் போலச்செய்தலும்

எனினும், திரைக்குப் பின்னால் இருந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. மெலிந்தவரைக் காணும் நோயாளி தானே போதிய அளவு நோயுற்றவர் அல்லர் என எண்ணக்கூடும். உணவை மறைக்கும் வழிகளையும் எடையைப் பொய்யாகக் கூட்டிக்காட்டும் வழிகளையும் ஒருவர் மற்றவரிடம் கற்கக்கூடும். முற்காலத்தில் ஒவ்வொரு நோயாளியும் இவ்வழியைத் தானே கண்டறிந்ததாக நம்பிய நிலை மாறி, நோய் ஒரு கூட்டு எதிர்வினையாகிவருவதை ப்ரூக் தம் இறுதிக்கால எழுத்துகளில் சுட்டியுள்ளார். குழுச்சிகிச்சையிலும் சிறப்புப் பிரிவுகளிலும் உண்ணுதல் கோளாறு தொற்றக்கூடுமா என்னும் வினாவையே தலைப்பாக்கி 2011இல் பெல்ஜிய அறிஞர் வால்ட்டர் வான்டெரைக்கன் கட்டுரை எழுதினார்.

மானிடவியல் ஆய்வுகள் இவ்விடரை உள்ளிருந்து காட்டின. 2003இல் வெளிவந்த ஹெலன் கிரெமில்லியனின் நூல், அமெரிக்க மருத்துவமனைப் பிரிவொன்றில் எடையையும் கலோரியையும் ஓயாது அளக்கும் சிகிச்சை, எண்களைக் கணக்கிடும் நோயின் பழக்கத்தையே வலுப்படுத்துவதை விளக்கியது. மேகன் வாரின் 2010இல் வெளியிட்ட நூலோ, நோயாளருக்கிடையே தோன்றும் இரகசிய உறவையும் உறுப்பினர் என்னும் பெருமையையும் ஆராய்ந்தது. அவர்களுக்கு அனோரெக்சியா உறவுகளின் இழப்பாக மட்டுமன்றி, புதியதோர் உறவாகவும் அமைந்தது என்பது அவர் காட்டிய உண்மை. எனவே, குழுவிற்குள் இரண்டு குழுக்கள் இயங்குகின்றன: நலத்திற்காகக் கூடும் வெளிப்படையான குழு ஒன்று, நோயால் பிணைந்த மறைவான குழு மற்றொன்று.

மையங்களின் விதிகள் இம்மறைவான குழுவை நோக்கியே வகுக்கப்பட்டன. எடை, கலோரி, ஆடை அளவு ஆகியவற்றின் எண்களைக் குழுவில் கூறலாகாது, நோய்ச்செயல்களை விரித்துரைக்கலாகாது, மேசையில் உணவைப் பற்றிய பேச்சு கூடாது, பிறர் தட்டை நோக்கிக் கருத்துரைக்கலாகாது. தொடக்க வாரங்களில் தொலைபேசிக்கும் வெளிச்செலவிற்கும் கட்டுப்பாடு விதிக்கும் மையங்களும் உண்டு. இவற்றை நோக்கும்போது, தனிமைப்படுத்தல் மறைந்துவிடவில்லை என்பது தெளிவாகிறது. முன்பு மனிதர்களுக்கிடையே இடப்பட்ட திரை, இப்போது சில சொற்களுக்கும் எண்களுக்கும் முன்னால் இடப்பட்டுள்ளது.

இவ்விதிகள் மட்டும் போதுமானவை அல்ல. ஒப்பீடு நிகழ்வதைத் தடுப்பதைவிட, நிகழ்ந்த ஒப்பீட்டைக் குழுவிலேயே பெயர்சொல்லிப் பேசவைப்பது தேர்ந்த நெறியாளரின் பணியாகும். அருகிலிருப்பவரின் மெலிவைக் கண்டு பொறாமை கொண்டதாக ஒருவர் வட்டத்தில் ஒப்புக்கொள்ளும்போது, மறைவான குழுவின் பொருள் வெளிப்படையான குழுவிற்கு வந்துசேர்கிறது. இதற்குப் பயிற்சியும் காலமும் வேண்டும்.

7. காலம், செலவு, சான்று

அக்காலமே அமெரிக்காவில் சுருங்கத் தொடங்கியது. நியூயார்க் மாநில மருத்துவமனை ஒன்றின் பதிவுகளை ஆராய்ந்து கிளேர் வைஸ்மனும் பிறரும் 2001இல் வெளியிட்ட ஆய்வின்படி, உண்ணுதல் கோளாறு நோயாளர் சராசரியாகத் தங்கிய காலம் 1984இல் 149.5 நாட்களாக இருந்தது. 1998இல் அது 23.7 நாட்களாகக் குறைந்தது. காப்பீட்டு நிறுவனங்களின் செலவுக்கட்டுப்பாடு இதற்கு முதன்மைக் காரணமாகும். வெளியேறும்போது நோயாளரின் எடையும் முன்னைவிடக் குறைவாகவே இருந்தது. ஒருவர் மற்றவரை அறிவதற்குள் உறுப்பினர் மாறிவிடும் சூழலில், முன்வந்தவர் பின்வந்தவருக்குக் கையளிக்கும் குழுமரபு நிலைபெறுதல் அரிது.

மருத்துவமனைக் காலம் குறைந்தபோது உறைவிட மையங்கள் பெருகின. மரியா ஃபிரிஷ், டெப்ரா பிராங்கோ, டேவிட் ஹெர்சாக் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வு 18 அமெரிக்க மையங்களைப் பற்றியது. அவற்றில் சராசரித் தங்கற்காலம் 83 நாட்கள். சராசரிச் செலவு நாளொன்றுக்கு 956 டாலர். சிகிச்சை முறைகள் மையத்திற்கு மையம் வேறுபட்டன. அவற்றின் பயனை அளக்கும் முறையான ஆய்வுகள் போதுமான அளவில் இல்லை. ஒப்பிட்டு நோக்கின், இத்தாலியில் ரிக்கார்டோ டாலே கிராவே வில்லா கார்டாவில் வகுத்த திட்டம் 13 வார உள்நோயாளர் சிகிச்சையையும் 7 வாரப் பகல்நேரச் சிகிச்சையையும் கொண்டது. கால எல்லை முன்னரே அறியப்பட்டிருப்பதால் அங்குக் குழுவின் பணியைத் திட்டமிட முடிந்தது.

சான்று நிலையையும் இங்கு எண்ணிப்பார்க்க வேண்டும். 1991இல் ஆர்தர் கிரிஸ்ப் குழுவினர் இலண்டனில் 90 அனோரெக்சியா நோயாளரை நான்கு பிரிவாக்கி ஆராய்ந்தனர். அவற்றுள் ஒன்று நோயாளருக்கும் பெற்றோருக்கும் தனித்தனியே நடத்தப்பட்ட புறநோயாளர் குழு. உள்நோயாளர் சிகிச்சை ஏனைய இரு புறநோயாளர் சிகிச்சைகளைவிடச் சிறந்தது என அவ்வாய்வு நிறுவவில்லை. ஜெர்மனியில் 172 இளம் நோயாளரைக் கொண்டு நடத்தப்பெற்று 2014இல் வெளிவந்த ஆய்வு, மூன்று வார உள்நோயாளர் சிகிச்சைக்குப்பின் பகல்நேரச் சிகிச்சைக்கு மாற்றப்பட்டவர்கள் தொடர்ந்து தங்கியவர்களுக்குப் பின்தங்கவில்லை எனக் காட்டியது. குழு உளச்சிகிச்சை பற்றிய முறையான ஆய்வுகளோ பெரிதும் புலிமியாவையும் மிகையுணவுக் கோளாற்றையும் சார்ந்தவை. அவற்றில் குழுமுறை ஏனைய சிகிச்சைகளுக்கு நிகரான பயன் தந்துள்ளது. உறைவிட மையத்தில் மிகுதியாகக் காணப்படும் அனோரெக்சியாவிற்கு அவ்வளவு வலுவான சான்று கிடைக்கவில்லை.

ஒரே நெறியாளர் எட்டுப் பேரைக் கவனிக்க முடியும் என்பதால் குழு சிக்கனமானது. அச்சிக்கனமே அது பரவியதற்கு ஒரு காரணம் என்பதை மறுக்கவியலாது. ஆயின், சிக்கனத்திற்காக மட்டும் குழு நடத்தப்படுமானால் அதன் இடர்கள் நிலைக்கும், பயன்கள் நீங்கும்.

8. குடும்பத்தின் மீள்வருகை

1987இல் ஜெரால்டு ரஸ்ஸல், ஜார்ஜ் ஷ்முக்லர், கிறிஸ்டோபர் டேர், ஐவன் ஐஸ்லர் ஆகியோர் 80 நோயாளரைக் கொண்டு மாட்ஸ்லி மருத்துவமனையில் நடத்திய ஆய்வை வெளியிட்டனர். மருத்துவமனையில் எடை கூட்டப்பட்ட பின்னர்த் தொடர் சிகிச்சை பெற்றவர்களுள், நோய் இளவயதில் தொடங்கி நீண்டகாலம் ஆகாதவர்களுக்குக் குடும்பச் சிகிச்சையே மிகுந்த பயன் தந்தது. பெற்றோர் நோயின் காரணமாக அன்றி, மகளை உண்ணவைக்கும் முதன்மைத் துணையாக இங்குக் கருதப்பட்டனர்.

1990களின் இறுதியிலிருந்து ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலும் இலண்டனிலும் பல குடும்பங்களை ஒன்றாக அழைக்கும் பல்குடும்பச் சிகிச்சை உருவானது. சில குடும்பங்கள் பல நாட்கள் ஒன்றாகத் தங்கள் பிள்ளைகளுடன் உண்கின்றன. ஒரு தாய் மற்றொருவரின் மகளுக்கு உணவு மேசையில் துணையிருக்கிறார். தன் மகளிடம் சொல்லவியலாததை அவளிடம் சொல்கிறார். தனியே குற்றவுணர்வில் உழன்ற பெற்றோர் தம்மைப் போன்றோரைக் காண்கின்றனர். 2016இல் ஐஸ்லர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் 169 இளம் நோயாளர் பங்குபெற்றனர். பல்குடும்ப முறை சேர்க்கப்பட்டவர்களின் நிலை, தனிக்குடும்பச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடச் சிகிச்சை முடிவில் மேம்பட்டிருந்தது. பிராட் காசநோயாளரிடம் கண்ட பொதுத்துன்பப் பிணைப்பு இங்குப் பெற்றோரிடம் செயற்படுகிறது எனலாம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

1. தனிமைப்படுத்தலும் குழுமுறையும் எதிரெதிரானவையாகத் தோன்றினும், நோயாளியின் அருகில் யார் இருக்க வேண்டும் என்னும் ஒரே வினாவிற்கான விடைகளாகும்.

2. குழுமுறை காசநோய் வகுப்பு, இராணுவ மருத்துவமனை, பெண்கள் இயக்கம் ஆகிய வெளிமரபுகளிலிருந்து உண்ணுதல் கோளாறு சிகிச்சைக்குள் வந்தது. மறைவில் நிகழும் புலிமியாவில் அது முதலில் வேரூன்றியது. அனோரெக்சியாவில் தயக்கத்துடனே ஏற்கப்பட்டது.

3. நோயாளர் ஒருவரை ஒருவர் கெடுத்துவிடுவர் என்னும் பழைய அச்சம் நீங்கவில்லை. அது உறைவிட மையங்களின் விதிகளாக உருமாறியுள்ளது. அவ்விதிகள் குழுவைக் காக்கின்றன. ஆயின் குழுவின் பணியை அவையே செய்துவிடுவதில்லை.

4. தங்கற்காலம் சுருங்கிய சூழலில் குழு, சிக்கனக் கருவியாக மட்டும் குறுகும் நிலை உள்ளது. அனோரெக்சியாவில் அதன் பயனை நிறுவும் ஆய்வுகள் இன்னும் தேவைப்படுகின்றன.

5. 1873இல் பொருந்தாத துணை என விலக்கப்பட்ட குடும்பம், பல்குடும்பச் சிகிச்சையின்வழி மீண்டும் மேசைக்கு வந்துள்ளது. தனியொரு குடும்பமாக உணவு மேசையில் தோற்றுப்போன பெற்றோர், பல குடும்பங்கள் கூடிய இடத்தில் பயனுள்ள துணையாகின்றனர். ஆகவே, குணமளிப்பது உறவின் வகை மட்டுமன்று. அவ்வுறவு தன்னைப் போன்ற பிறரைக் காணும் வாய்ப்பைப் பெறுவதும் ஆகும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.